ஃபிட்டர் ராவிய பல்செட்டு

ஃபிட்டரின் அகராதியில் 'பொருந்தாது' என்ற சொல்லே கிடையாது. பொருந்தவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையில் காலமெல்லாம் அரம் பிடித்த மனிதர். ஷாஃப்ட் பேரிங்குக்குள் இறங்க மறுத்தால் அதன்மேல் நீலச் சாயம் பூசுவார். உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். வெளியே எடுத்து, எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பட்டும் படாமலும் ராவுவார். மறுபடி விட்டால் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கதவு, ஜன்னல், அலமாரி இழுப்பறை, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் பெண்டாட்டியின் பல்செட்டிலும் கையை வைத்தார். வினை அங்கேதான் பிடித்தது.

அந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, மணியடிக்குமா அடிக்காதா என்று காத்துக் கிடந்த காலம் அது. நீளமான கூடம், சுவர் முழுக்கத் துளைகள் போட்ட பலகை, அதன் முன்னால் உயரமான முக்காலிகளில் வரிசையாகப் பெண்கள், கைகளில் வயர்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளரம்மா நடந்துகொண்டே இருப்பார். "கடைசி எழுத்தை முழுங்காதீங்கடி! கம்பியில போறப்ப முதல்ல உதிர்றது வாலுதான்" என்று ஒரே பாட்டைப் பாடுவார். நம் ஆப்பரேட்டர் அதை மனத்தில் நன்றாகவே ஏற்றிக்கொண்டார். "இணைப்பு வந்திருக்கு, பேசுங்க" என்று அவர் சொன்னால் ஒரு எழுத்துகூடச் சேதாரமில்லாமல் வந்து சேரும்.

அப்படி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பம்புப் பட்டறை. முதலாளி அழைப்பைப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். மணியடித்தால் எடுப்பதற்கு யாராவது ஒருவர் அலுவலக அறையில் உட்கார வேண்டும். வேலை கெடுகிறது என்று மற்றவர்கள் நழுவுவார்கள். இளம் ஃபிட்டர் மட்டும் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தானாக வந்து உட்காருவான். முதலாளியைக் கூப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும். சில நாள் "கொஞ்சம் சரியா கேக்கலீங்க" என்று பொய் சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிக்கொள்வான். அந்தப் பெண்ணின் முகம் எப்படியிருக்கும் என்று அவன் கற்பனை செய்ததே இல்லை. குரலே போதுமென்று இருந்தான்.

ஒருநாள் மழையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு பெண், வந்து நின்ற பேருந்தின் ஓட்டுநரிடம், "இந்த வண்டி மார்க்கெட் வழியா போகுமா?" என்று கேட்டாள். ஃபிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி, "நீங்க எக்ஸ்சேஞ்சா?" என்றான். அவள் குடையைச் சற்று உயர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க காது கேக்காத பம்பு பட்டறையா?" என்றாள். வண்டி போய்விட்டது. இரண்டு பேரும் ஏறவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சு முழுவதும் ஃபிட்டருடைய இலாகா ஆயிற்று. நாள் முழுக்க ஊராருக்கு வாயைக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் காதைக் கொடுத்தால் போதுமென்று இருந்தது. அவர் பேரிங் பற்றிச் சொல்லுவார், முதலாளியின் கஞ்சத்தனத்தைச் சொல்லுவார், வழியில் பார்த்த நாய்ச் சண்டையைக் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுவார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிப்பு வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பாள். மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. தெருவில் வாயாடி யார் என்று கேட்டால் ஃபிட்டர் வீட்டுக் கதவைத்தான் காட்டுவார்கள். அதற்குள்ளே இருக்கும் ஆணைத்தான் காட்டுகிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

ஈறு நோய் வந்து ஆப்பரேட்டரின் பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் முழுச் செட்டு கட்டினார்கள். முதல் வாரம் பேச்செல்லாம் புஸ்ஸு புஸ்ஸென்று காற்றாகப் போயிற்று. ஆப்பரேட்டருக்கு மானமே போய்விட்டது. ஃபிட்டர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தப் பக்கம் நின்று, "ஹலோ, ட்ரங்க் கால் புக் பண்ணணும்" என்பார். உள்ளேயிருந்து, "நம்பர் சொல்லுங்க" என்று வரும். அவர் வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொல்லுவார். அவள் திருப்பிச் சொல்லுவாள். ஏழு எட்டாகவும், எட்டு ஏதோவாகவும் வந்து விழும். இரண்டு பேரும் கதவுக்கு இருபுறமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கொஞ்ச நாளிலேயே செட்டு அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. முழு ஆப்பிளைத் தோலோடு கடித்துக் காட்டினாள். ஃபிட்டர் இன்றைக்கும் அந்த நாட்களைத்தான் நினைத்துக்கொள்வார். அப்போது அவை சாதாரண நாட்களாகத்தான் இருந்தன.

பிறகு பார்க்கின்சன் வந்தது. முதலில் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உருண்டை ஒன்றை உருட்ட ஆரம்பித்தன. நடை சுருங்கியது. முகத்தில் அசைவு குறைந்தது. உள்ளே சிரித்தாலும் வெளியே தெரிவதில்லை. குரலும் இறங்கியது. வாக்கியம் நன்றாகத்தான் கிளம்பும், பாதி வழியில் மூச்சு வாங்கி, முடியுமிடத்தில் ஒன்றுமே இருக்காது. பல்செட்டும் தன் பங்குக்குக் கலகம் செய்தது. கன்னத்துச் சதையும் நாக்கும் இறுகின. மாத்திரைகளால் வாய் உலர்ந்தது. கீழ்ச் செட்டு படகு மாதிரி மிதக்க, பேசினால் டக் டக்கென்று சத்தம் வந்தது.

ஃபிட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். வாய் வேலை இனி அவருடையது. காலையில் செட்டைக் கழற்றுவார். கழுவும் தொட்டியில் துண்டை விரித்து, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, அதற்கு மேலே பிடித்துத்தான் தேய்ப்பார். கைதவறி விழுந்தாலும் உடையாது. ஈறுகளை ஈரத் துணியால் துடைப்பார். அவள் தானே செட்டைத் தேய்க்க ஆசைப்பட்ட நாட்களுக்காக பிரஷ்ஷின் பிடியில் சைக்கிள் ஹாண்டில் ரப்பரை மாட்டிக் கொடுத்தார். நடுங்கும் கைக்கு அது தோதாகப் பிடிபட்டது. இதுவரை எல்லாம் சரிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் செட்டைத் திரும்ப மாட்டியதும் ஒரு கேள்வி கேட்பார். "வலிக்குதா?"

"வலிக்…" என்பாள் அவள்.

அவ்வளவுதான் கேட்கும். 'வலிக்'கை வைத்துக்கொண்டு மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? வலிக்கிறது போலிருக்கிறது, பாவம், வாய் திறந்து முழுசாகச் சொல்லக்கூட முடியவில்லை என்று ஃபிட்டர் உருகிப் போவார். மத்தியானம் பால்கனியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நீலச் சாயம் விஷம் என்று தெரிகிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. அதனால் கேக்கில் சேர்க்கும் சிவப்புச் சாயத்தைச் செட்டின் உள்பக்கம் பூசி, அவள் வாயில் மாட்டி எடுத்து, சாயம் அழிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். ஒருமுறை வீடியோவில் பேசிய மகள், "என்னம்மா, லிப்ஸ்டிக்கெல்லாம் தூள் கிளப்புது?" என்று கேட்டாள். அம்மா முகத்தில் அசைவில்லை. அப்பா கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

ராவ ராவச் செட்டு இன்னும் தளர்ந்தது. தளரத் தளர மெல்ல முடியவில்லை. ரொட்டி போய் சூப் வந்தது. சூப்பும் பாதிக் கிண்ணத்தோடு நின்றது. ஆப்பரேட்டரின் உடுப்புகள் தோளில் தொங்க ஆரம்பித்தன. ஃபிட்டர் விடாமல் ராவிக்கொண்டிருந்தார். வேலை ஒன்று கையில் இருக்கும்போது அவர் பேசமாட்டார். பட்டறைப் பழக்கம். ஆக, அந்த வீட்டில் பேச்சும் கிட்டத்தட்ட நின்றுபோயிற்று.

மகள் சும்மா இருப்பாளா? ஒருநாள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேரும் கேட்கும்படி நேராகவே கேட்டாள். "அம்மா, நீ இளைச்சுக்கிட்டே போற. அப்பாவால தனியா சமாளிக்க முடியல. இனிமே என்கூடவே வந்து இரு. ரூம் ரெடி பண்ணிட்டேன். வர்றியா?"

"வர்…" என்றாள் அம்மா.

"பாத்தீங்களாப்பா, வர்றேங்கறா. அடுத்த ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன். நீங்களும் கிளம்புங்கன்னா கேக்கவா போறீங்க?"

"நான் எதுக்கும்மா? உன் வீட்டுல எல்லாமே புதுசு, எனக்கு ராவ ஒன்னும் இருக்காது" என்று ஃபிட்டர் ஜோக்கடித்தார். போனை வைத்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னை விட்டுப் போக எப்படி மனசு வந்தது இவளுக்கு? ஒரு வார்த்தை என் முகத்தைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாமே? சின்னப் பிள்ளை மாதிரி அவருக்கு மனசு குறுகுறுத்தது. அவளிடம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வீறாப்பு வந்தது. போகிறவள் நல்ல பல்லோடு போகட்டும், பொக்கை வாயோடு அனுப்பினான் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது.

பல் டாக்டரம்மாவிடம் போனபோது சாயங்காலம். ஆப்பரேட்டருக்கு வாயே திறக்கவில்லை, தலை ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நாற்காலியைத் தொடவே இல்லை. "மாத்திரை எப்ப குடுத்தீங்க? இப்ப அதோட வேகம் இறங்கியிருக்கும். காலையில மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு கூட்டிட்டு வாங்க. அப்பதான் உடம்பு அவங்க சொன்னதைக் கேக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் போனார்கள். நாற்காலியைப் பின்னால் சாய்க்காமல் நிமிர்த்தியே உட்கார வைத்தார் டாக்டரம்மா. எச்சில் தொண்டைக்குள் போய்ப் புரையேறக்கூடாதாம். செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதை யார் ராவினது?"

"நான்தான் டாக்டர்" என்றார் ஃபிட்டர். குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "கையாலதான் பண்ணேன். மிஷின் வைக்கல."

"எதுக்குங்க?"

"வலிக்குதுன்னு சொன்னா. தினமும் சொன்னா. மனசு கேக்குமா?"

டாக்டரம்மா செட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, தண்ணீர் ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார். பிறகு ஆப்பரேட்டரின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டு வந்து, "அம்மா, வலிக்குதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஃபிட்டர் வாயைத் திறக்க, கையமர்த்தினார்.

"வலிக்கல" என்றாள் ஆப்பரேட்டர்.

மெலிந்த குரல்தான். ஆனால் முழுச் சொல். ஃபிட்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பவாவது வலிச்சுதா?"

"எப்பவும் வலிக்கல. ஆடுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வலிக்கலன்னு தினமும் சொல்றேன். இவரு தினமும் ராவுறாரு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்க மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம் மொழியின் அமைப்பு அப்படி. உண்டா இல்லையா, வருமா வராதா என்பதையெல்லாம் சொல்லின் வாலில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். தலையை மட்டும் கேட்டவன் எதை வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். ஃபிட்டர் தனக்கு எது பயமோ அதைப் புரிந்துகொண்டார்.

"ஐயா, இது பேரிங் இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "எச்சிலோட ஈரமும், கன்னமும் நாக்கும் சேர்ந்துதான் இதைப் பிடிச்சு வெச்சிருக்கு. அவங்க வாய்க்கு இது பல வருஷப் பழக்கம். புதுசா வேற மாதிரி செஞ்சு குடுத்தா, இந்த நோயில புதுசைப் பழக்கிக்கறது ரொம்பக் கஷ்டம். நல்ல வேளை, நீங்க உள்பக்கம் மட்டும் கை வெச்சிருக்கீங்க. வெளிப்பக்கம் அப்படியே இருக்கு. இன்னைக்கு உள்ளே மெத்துன்னு ஒரு பூச்சு குடுக்கறேன். அப்புறம் இதே அச்சுல புதுசு ஒன்னு எடுத்துக்கலாம், நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. வாய் காயாம அடிக்கடி ஒரு மடக்கு தண்ணி குடுங்க. தூங்கப் போறப்ப கழட்டித் தண்ணியில போடுங்க."

"சரிங்க டாக்டர்."

"பிரஷ்ஷுக்கு சைக்கிள் ரப்பர் மாட்டினது நீங்கதானா? ரொம்ப நல்லா இருக்கு. அதோட நிறுத்தியிருக்கலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஃபிட்டரின் மண்டைக்குள் ஒரே இரைச்சல். 'பசிக்…' என்றபோதெல்லாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேனே, கேட்டாளா, வேண்டாமென்றாளா? 'குளிரு…' என்றபோது போர்வையைப் போர்த்தினேனே, வியர்த்துக் கொட்டியதே அன்றைக்கு! வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவே ஒரு எழுத்துதானே வித்தியாசம்? இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதிர் வீட்டுக்காரி மாதிரி வைத்திருந்தேனா இவளை? அப்படியே யோசித்துக்கொண்டு வந்தவர் தெருமுனையில் நின்றுவிட்டார். 'வர்…' என்றாளே, அது என்ன?

அங்கேயே கேட்டிருக்கலாம். மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது, செட்டு புதுப் பூச்சோடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். கேட்கவில்லை. கேட்டு, 'வர்றேன்' என்று முழுசாக வந்துவிட்டால்? கேட்காதவரைக்கும் பாதிச் சொல்லையாவது வைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிவிட்டது. எந்த ஷாஃப்டுக்கும் பயப்படாத மனிதர் ஒரு விகுதிக்குப் பயந்தார். அந்த வாரம் முழுக்க அவள் ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டாள், பேரிக்காய்த் துண்டுகளை மென்றாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகச் சாப்பிடச் சாப்பிட, இவள் பயணத்துக்குத் தேறிவருகிறாள் என்றுதான் அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கூடத்தில் தயாராக இருந்த பெட்டியைப் பார்த்ததும், "நீங்களே கட்டி வெச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு" என்றாள்.

"உக்காரும்மா. கிளம்பறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட இன்னொரு தடவை கேளு."

"அதான் வர்றேன்னு சொல்லிட்டாளே."

"வர் வரைக்கும்தான் சொன்னா." நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். சாயம், உப்புத்தாள், வலிக்கல, எல்லாம். மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். உடனே கேட்க வாயெடுத்தாள். ஃபிட்டர் தடுத்தார். "இரு. இப்பதான் மாத்திரை குடுத்தேன். வேலை செய்யட்டும்."

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் விரல்களின் உருட்டல் மெதுவாகக் குறைந்து, கை மேசைமேல் அமைதியாக விழுந்தது. ஃபிட்டர் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா" என்றாள் மகள். "அன்னைக்குப் போன்ல கேட்டேனே, என்ன சொன்ன?"

"வர்றேன்னுதான் சொன்னேன்."

தெளிவாக, கடைசி எழுத்து வரைக்கும் கேட்டது. ஃபிட்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாழாய்ப்போன காது, அன்றைக்கு மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறது.

"ஏம்மா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்தா என்னையே ராவித் தீத்துடுவீங்கன்னு பயந்தேன்."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். ஃபிட்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆப்பரேட்டர் இன்னும் முடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கிட்ட பேசறதையே விட்டுட்டீங்க. என் வாயை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் இங்க இருந்தா என்ன, எங்க இருந்தா என்ன?"

ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பார்க்கிறாளே என்றுகூட அவர் மறைக்கவில்லை. சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. பேரிங் இருந்தது, முதலாளி இருந்தார், நேற்றுப் பாலத்துக்கடியில் பார்த்த நாய் இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. தெருவின் மகா வாயாடி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள்தான் கேட்டாள். "சரிம்மா. இப்ப என்ன சொல்ற? என்கூட வர்றியா?"

அவள் உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டாள். ஃபிட்டர் அவள் வாயைப் பார்க்காமல் கண்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்களில் மட்டும் ஏதோ இருந்தது.

"வரல" என்றாள்.

மகள் நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து போய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, "எடை ஏறலைன்னா அடுத்த மாசம் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டினாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள், துணிகளைத் திரும்ப அடுக்குவதற்கு.

ஃபிட்டர் நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்ன? எனக்கு சரியா கேக்கல."

"உங்களுக்குக் கேட்டுச்சு" என்றாள் அவள்.